லைகேஸ் ரைபோசைம் தேர்வு எங்கே சிக்குகிறது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

நொதியைப் போல வினையூக்கும் ஆர்என்ஏ ரைபோசைம். அதில் இரண்டு ஆர்என்ஏ இழைகளை ஒட்டவைப்பதை லைகேஸ் ரைபோசைம் என்கிறோம். தாறுமாறான வரிசைகள் கொண்ட ஒரு பெருங்கூட்டத்திலிருந்து (பூல்) அதைச் சோதனைக்குழாயிலேயே வடித்தெடுக்க முடியும் என்று 1993-ல் டேவிட் பார்டெலும் ஜாக் ஷோஸ்டாக்கும் காட்டினார்கள். இன்றுவரை பெரும்பாலோர் பின்பற்றுவது அந்த வழியின் ஏதோ ஒரு வடிவம்தான். கீழே உள்ள குறிப்புகளும் அதையே அடிப்படையாகக் கொண்டவை.

நடப்பது இதுதான். நடுவில் 220 நியூக்ளியோடைடு (வரிசையின் எழுத்துகள்) தாறுமாறாகவும், இரு ஓரங்களில் மாறாத வரிசையும் கொண்ட டிஎன்ஏவை டி7 பாலிமரேஸ் ஆர்என்ஏவாக எழுதுகிறது. அந்த ஆர்என்ஏவின் 5′ முனையில் டிரைபாஸ்பேட் இருக்கும். வெளியிலிருந்து சேர்க்கும் சப்ஸ்ட்ரேட் இழையின் 3′ முனையில் ஹைட்ராக்சில் இருக்கும். ஹைட்ராக்சில் டிரைபாஸ்பேட்டைத் தாக்கினால் பைரோபாஸ்பேட் கழன்றுபோய் இரு இழைகளும் ஒன்றாகும். சப்ஸ்ட்ரேட்டின் வால் இப்போது அந்த ஆர்என்ஏவுக்கு அடையாளக்குறி. அந்தக் குறியைப் பிடித்து இழுத்து, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸால் டிஎன்ஏவாக்கி, பிசிஆரில் (டிஎன்ஏவைச் சுழற்சி சுழற்சியாக நகலெடுக்கும் முறை) பெருக்கி, மறுபடி டி7-க்குக் கொடுத்தால் ஒரு சுற்று முடிந்தது.

இந்தச் சுற்றில் ரைபோசைம் மட்டுமா வேலை பார்க்கிறது? டி7, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், பிசிஆரை நடத்தும் டாக் பாலிமரேஸ் என்று மூன்று நொதிகளும், குறியைப் பிடித்திழுக்கும் பீடும் (சிறு மணி) கூடவே இருக்கின்றன. இவை நான்கையும் திருப்திப்படுத்தத் தெரிந்த ஒரு மூலக்கூறு, ஒரு பிணைப்பைக்கூட உண்டாக்காமலேயே அடுத்த சுற்றுக்குப் போய்விடும். அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் இந்த நான்கு பேரையும் விசாரியுங்கள், ரைபோசைமைக் கடைசியில் விசாரிக்கலாம்.

ஒவ்வொரு சுற்றிலும் நான்கு டியூப் வையுங்கள்: முழு வினை ஒன்று, சப்ஸ்ட்ரேட் இல்லாதது ஒன்று, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் இல்லாதது ஒன்று, பூஜ்ய நேர கன்ட்ரோல் ஒன்று. கடைசியாகச் சொன்னதில் முதலில் இடிடிஏ (வினைக்குத் தேவையான மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு வினையை நிறுத்தும் பொருள்), பிறகுதான் சப்ஸ்ட்ரேட். நேரமில்லை என்று இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பாதிப் பிழைகளைக் காட்டிக்கொடுப்பது அந்த டியூப்தான்.

அறிகுறி: மூன்று சுற்று முடிந்தும் எந்த அசைவும் இல்லை

இது கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பார்டெல்–ஷோஸ்டாக் கூட்டத்தில் 10¹⁵-க்குச் சற்று மேற்பட்ட மூலக்கூறுகள் இருந்தன. அவற்றில் லைகேஸ் திறன் கொண்ட வரிசைகள் சுமார் 65 என்று மதிப்பிட்டார்கள். அதாவது 2 × 10¹³-ல் ஒன்று. ஒரு சுற்று ஆயிரம் மடங்கு செறிவூட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், நான்காம் சுற்று முடிவில்தான் நல்ல மூலக்கூறுகள் நூற்றில் ஐந்து என்ற அளவை எட்டும். மூன்றாம் சுற்றின் முடிவில் அவை இருபதாயிரத்தில் ஒன்று. ஜெல்லில் அது கண்ணுக்குத் தெரியாது.

இன்னொரு பக்கம், வினையூக்கி ஏதும் இல்லாமலே சில இழைகள் ஒட்டிக்கொள்ளும். லட்சத்தில் ஒன்று அப்படி ஒட்டினால்கூட 10¹⁵-ல் அது 10¹⁰ மூலக்கூறு. முதல் சுற்றில் நீங்கள் பிடித்திழுப்பது பெரும்பாலும் இந்தக் கூட்டத்தைத்தான். ஆகவே முதல் மூன்று சுற்றுகளில் "எவ்வளவு இணைந்தது" என்று பார்ப்பதைவிட "எத்தனை பிசிஆர் சுழற்சியில் பேண்ட் (ஜெல்லில் தெரியும் பட்டை) வந்தது" என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த எண் குறையத் தொடங்கினால் பூல் உயிரோடு இருக்கிறது.

ஐந்தாறு சுற்று தாண்டியும் அப்படியே கிடந்தால் முனைகளைப் பாருங்கள். டிரைபாஸ்பேட் இல்லாத ஆர்என்ஏ எவ்வளவு திறமைசாலியானாலும் இணையாது. வேறொரு சோதனைக்காக ஜிஎம்பி (ஒரே பாஸ்பேட் கொண்ட ஜி எழுத்து) சேர்த்துத் தயாரித்த டிரான்ஸ்கிரிப்ஷன் கலவையை, அதாவது டி7 ஆர்என்ஏ எழுதும் கலவையை, யாராவது இதற்கும் பயன்படுத்தியிருந்தால், பெரும்பகுதி ஆர்என்ஏவின் முனையில் மோனோபாஸ்பேட்தான் இருக்கும். ஜெல்லில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சப்ஸ்ட்ரேட்டின் 3′ முனையையும் சோதியுங்கள். சிதைந்த ஆர்என்ஏவின் 3′ முனையில் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டிருக்கும், ஹைட்ராக்சில் இருக்காது. புதிதாக ஜெல்லில் சுத்தம் செய்த சப்ஸ்ட்ரேட்டை வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது மலிவான பரிசோதனை.

முனைகள் சரியென்றால் பஃபரின், அதாவது வினை நடக்கும் உப்புக் கரைசலின், முறை. ஏற்கனவே தெரிந்த ஒரு லைகேஸை, உதாரணமாக 1993 பூலிலிருந்து வந்த முதல் வகை லைகேஸையோ ஆர்3சி என்ற லைகேஸையோ, அதற்குரிய சப்ஸ்ட்ரேட்டோடு உங்கள் பஃபரில் போடுங்கள். அதுவும் இணையவில்லையென்றால் குற்றம் பஃபரில். இந்தப் பரிசோதனையை வேறு மேசையில், வேறு பிப்பெட்டில் செய்யுங்கள். காரணத்தைக் கடைசி அறிகுறியில் சொல்கிறேன்.

கடைசியாக, நகல் எண்ணிக்கை. 300 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஆர்என்ஏவில் 10¹⁵ மூலக்கூறு என்றால் சுமார் 1.7 நானோமோல், எடையில் ஏறக்குறைய 165 மைக்ரோகிராம். வரிசைக்கு ஒரே நகல் என்ற கணக்கு இது. ஒரே நகலோடு இறங்கினால், மீட்பில் பாதி இழந்தாலே பாதி வரிசைகள் நிரந்தரமாகப் போய்விடும். முதல் சுற்றில் ஆர்என்ஏவில் கஞ்சத்தனம் வேண்டாம். பிற்பாடு எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனமாக இருக்கலாம்.

அறிகுறி: மக்னீசியம் சேர்த்ததும் கலங்குகிறது, அல்லது ஆர்என்ஏ ஜெல்லுக்குள் இறங்க மறுக்கிறது

நீளமான, தாறுமாறான ஆர்என்ஏக்கள் அடர்த்தியாக இருக்கும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மக்னீசியம் அதிகமானால் இன்னும் மோசம். 1993 சோதனையில் மக்னீசியம் 60 மில்லிமோலார். அதனால் அவர்கள் பூல் ஆர்என்ஏவை அதன் 3′ மாறாப் பகுதி வழியாக அகரோஸ் மணிகளில் கட்டிவைத்து, அதன்பிறகே வினையை நடத்தினார்கள். கட்டிவைத்த மூலக்கூறுகள் ஒன்றையொன்று தேடிப் போக முடியாது. எளிமையான, அருமையான தீர்வு. கட்டிவைக்க மனமில்லையென்றால் கனஅளவைக் கூட்டி நீர்க்கச் செய்யுங்கள்.

கலங்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் டியூபில் வந்தால் அது வேறு விஷயம். மக்னீசியம் பைரோபாஸ்பேட் அது. இடிடிஏ சேர்த்தால் தெளிந்துவிடும்.

அறிகுறி: வரக்கூடாத டியூபில் பேண்ட் வருகிறது

எந்தக் கன்ட்ரோலில் வருகிறது என்பதே பதில்.

ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் இல்லாத டியூபில் வந்தால், டிரான்ஸ்கிரிப்ஷனில் பயன்படுத்திய டிஎன்ஏ மிச்சமிருக்கிறது. டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதியான டிஎன்ஏஸ் போடுங்கள், ஜெல்லில் வெட்டிச் சுத்தம் செய்யுங்கள். அந்த டிஎன்ஏவில் சப்ஸ்ட்ரேட்டின் குறி கிடையாது. அப்படியிருந்தும் குறிக்கான பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டை டிஎன்ஏ) அதைப் பெருக்குகிறது என்றால், பிரைமர் தப்பான இடத்தில் உட்காருகிறது என்று அர்த்தம். ஒட்டும் வெப்பநிலையை உயர்த்துங்கள், சுழற்சிகளைக் குறையுங்கள். அதோடு பிசிஆரை மட்டும் நம்பாமல் அதற்கு முன்னால் ஒரு பிடித்திழுக்கும் கட்டத்தையும் வையுங்கள். முதலில் குறியை வைத்து இழுப்பது, பிறகு அதே குறியை வைத்துப் பெருக்குவது என்ற இரட்டை வடிகட்டல் பார்டெல் முறையிலேயே இருக்கிறது.

சப்ஸ்ட்ரேட் இல்லாத டியூபில் வந்தால் பீடைச் சந்தேகியுங்கள். பயோட்டின் மாட்டிய சப்ஸ்ட்ரேட்டை, பயோட்டினை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் புரதம் ஒட்டிய பீடால் இழுப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். தாறுமாறான பூலில் ஸ்ட்ரெப்டாவிடினையே நேரடியாகப் பற்றிக்கொள்ளும் ஆர்என்ஏக்கள் நிச்சயம் இருக்கும். அவை இணைப்பு எதுவும் செய்யாமல் ஒவ்வொரு சுற்றிலும் இலவசப் பயணம் போகும். யூரியா கலந்த சூடான கரைசலால் பீடைக் கழுவினால் மடிப்பு குலைந்து இவை உதிரும், பயோட்டின் பிடி உதிராது. சோடியம் ஹைட்ராக்சைடால் கழுவ ஆசைப்படாதீர்கள், ஆர்என்ஏவே மிஞ்சாது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பீடை விட்டுவிட்டு, இணைந்ததையும் இணையாததையும் யூரியா ஜெல்லில் நீள வித்தியாசத்தை வைத்துப் பிரித்தெடுங்கள். பீட் பிரியர்களுக்கும் ஜெல் ஏமாற்றுக்காரர்களுக்கும் ஒரே தந்திரம் எடுபடாது.

பூஜ்ய நேர டியூபில் வருவதுதான் சூட்சுமமானது. வினையை இடிடிஏ போட்டு நிறுத்திவிட்டோம் என்று நினைக்கிறோம். ஆனால் அடுத்து வரும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன் பஃபரிலும் மக்னீசியம் இருக்கிறது. மிச்ச சப்ஸ்ட்ரேட் கூடவே இருந்தால், அந்த டியூபிலேயே இணைப்பு நடக்கும். நீங்கள் பத்து நிமிடம் கொடுத்ததாக நோட்டில் எழுதியிருப்பீர்கள், ஆர்என்ஏவுக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம். வேகமானவற்றுக்கும் மந்தமானவற்றுக்கும் வித்தியாசமே இல்லாமல் போகும். நிறுத்திய உடனே மிச்ச சப்ஸ்ட்ரேட்டை நீக்குங்கள். நீக்குவது கடினமென்றால் சப்ஸ்ட்ரேட்டுக்கு எதிரிணையான டிஎன்ஏவை மிகையாகச் சேர்த்து அதை முடக்குங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு சுற்றிலும் பேண்ட் கீழே இறங்குகிறது

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1967-ல் சால் ஸ்பீகல்மேன் குழு க்யூபீட்டா வைரஸின் ஆர்என்ஏவை அதன் நகலெடுக்கும் நொதியோடு டியூபுக்கு டியூப் மாற்றிக்கொண்டே போனது. தொற்றும் வேலை இனித் தேவையில்லை, வேகமாக நகலானால் போதும் என்ற நிலையில், அந்த ஆர்என்ஏ தன் நீளத்தில் 83 விழுக்காட்டை உதறித் தள்ளியது. 1994-ல் ரொனால்ட் பிரேக்கரும் ஜெரால்ட் ஜாய்ஸும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸும் டி7 பாலிமரேஸும் கொண்ட கலவையில், வினையூக்கமே இல்லாமல் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் ஒரு சிறு ஆர்என்ஏ முளைத்ததைக் கண்டார்கள். அதற்கு ஆர்என்ஏ இசட் என்று பெயரிட்டார்கள். உங்கள் டியூபில் நடப்பதும் அதே வகைதான். குட்டையானதை நொதிகள் சீக்கிரம் எழுதி முடிக்கும்.

மருந்து: ஒவ்வொரு சுற்றிலும் சரியான நீளத்தை ஜெல்லில் வெட்டி எடுப்பது, பிசிஆர் நீட்டிப்பு நேரத்தைக் கூட்டுவது, பேண்ட் தெரிந்ததும் சுழற்சியை நிறுத்துவது. "இன்னும் ஐந்து சுழற்சி ஓட்டினால் நிறையக் கிடைக்குமே" என்ற எண்ணம்தான் பெரும்பாலும் குட்டைகளை வளர்க்கிறது. எண்ணெய்த் துளிகளுக்குள் தனித்தனியாகப் பெருக்கும் எமல்ஷன் பிசிஆர் நன்றாக உதவும், ஏனென்றால் குட்டை நெட்டையோடு ஒரே துளிக்குள் போட்டிபோட முடியாது.

ஆனால் எல்லாக் குட்டையும் ஒட்டுண்ணி அல்ல. முதல் வகை லைகேஸின் செயல்படும் பகுதி சுமார் 120 நியூக்ளியோடைடுதான், மற்றதெல்லாம் சுமை. வெட்டி எறிவதற்கு முன் அந்தக் குட்டை பேண்டைத் தனியாக எடுத்து, இணைக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

அறிகுறி: செயல்பாடு ஏறியது, பிறகு நின்றுவிட்டது

முதலில், எதை அளக்கிறீர்கள்? ஒரு மணி நேரத்தில் இத்தனை விழுக்காடு இணைந்தது என்பது வேகமல்ல. நூற்றில் நாற்பது மூலக்கூறு மட்டுமே சரியாக மடிந்திருந்தால், அவை முதல் நிமிடத்திலேயே முடித்துவிட்டுச் சும்மா இருக்கும். மீதி அறுபதும் தப்பாக மடிந்து உறைந்திருக்கும். ஒரு மணி நேரமானாலும் ஒரு நாளானாலும் உங்கள் எண் நாற்பதிலேயே நிற்கும். பல நேரப் புள்ளிகள் எடுத்து வளைவு வரையுங்கள். வளைவு சீக்கிரம் ஏறித் தட்டையானால் பிரச்சினை மடிப்பில். மக்னீசியம் சேர்ப்பதற்கு முன் சூடாக்கி ஆறவையுங்கள், பொட்டாசியம் அளவை மாற்றிப் பாருங்கள்.

வளைவு மெதுவாக ஏறுகிறது என்றால் உண்மையாகவே வேகம் போதவில்லை. அழுத்தத்தைக் கூட்டுங்கள். முதல் சுற்றுகளுக்கு மணிக்கணக்கு, கடைசிச் சுற்றுகளுக்கு நிமிடக்கணக்கு என்று நேரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நேரத்தைக் குறைத்தும் முன்னேற்றம் இல்லையென்றால் பூலில் வேறுபாடு தீர்ந்துபோயிருக்கிறது. புதிய பிறழ்வுகளைப் புகுத்துங்கள். 1992-ல் காட்வெல்லும் ஜாய்ஸும் வகுத்த பிழை பிசிஆரில் மக்னீசியம் 7 மில்லிமோலார், மாங்கனீசு 0.5 மில்லிமோலார், டிஎன்ஏ எழுத்துகளில் சி-யும் டி-யும் தலா 1 மில்லிமோலார், ஏ-யும் ஜி-யும் தலா 0.2 மில்லிமோலார். பிழை வீதம் இடத்துக்கு 0.66 விழுக்காடு. 220 நியூக்ளியோடைடு மூலக்கூறுக்கு சராசரியாக ஒன்று, ஒன்றரைப் பிறழ்வு. இதை மூன்று சுற்று தொடர்ந்து செய்து, பிறகு பிழையில்லாத பிசிஆரில் சில சுற்று ஓட்டி வடிகட்டுங்கள். 1993-ல் நடந்ததும் இதுதான்: நடுவில் பிழை பிசிஆர், மொத்தம் பத்துச் சுற்று, முடிவில் வினையூக்கியற்ற வேகத்தைவிட 70 லட்சம் மடங்கு.

சுற்றுச் சுற்றாகச் செய்யாமல் தொடர் பரிணாமம் நடத்துபவர்களுக்கு வேறு ஒரு தேக்கம் வரும். 1997-ல் மார்ட்டின் ரைட்டும் ஜாய்ஸும் எல்லாவற்றையும் ஒரே டியூபில் போட்டு 52 மணி நேரத்தில் 300 சுற்று ஓட்டினார்கள். சப்ஸ்ட்ரேட்டிலேயே டி7-இன் தொடக்க வரிசை இருக்கும். இணைந்த ஆர்என்ஏவின் நகல் மட்டுமே மறுபடி எழுதப்படும். இங்கே ரைபோசைம் ஓட்டப்பந்தயம் ஓடுவது ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸுக்கு எதிராக. அந்த நொதி நகலெடுத்துக்கொண்டே வந்து மடிப்பைக் குலைப்பதற்குள் இணைத்து முடிக்க வேண்டும். மந்தமான ரைபோசைமோடு தொடர் பரிணாமத்தில் இறங்கினால் நீர்க்க நீர்க்கக் கரைந்து காணாமல் போகும். முதலில் சாதாரணச் சுற்றுகளில் வேகத்தைக் கூட்டிக்கொண்டு வந்து, அப்புறம் அதில் இறக்குங்கள்.

அறிகுறி: பூல் அபாரம், தனி வரிசை ஒன்றும் இயங்கவில்லை

வரிசைகளைப் படித்து, அதிகமாக வந்ததை எடுத்து, அதைத் தனியாகத் தயாரித்துப் பார்த்தால் மந்தமாகக் கிடக்கும். அதிகமாக இருப்பதும் நன்றாக இணைப்பதும் ஒன்றல்ல. பிசிஆருக்குப் பிடித்த வரிசையும் அதிகமாகத்தான் இருக்கும். இரண்டு அடுத்தடுத்த சுற்றுகளைப் படித்து, எந்த வரிசையின் பங்கு எத்தனை மடங்கு ஏறியது என்று பாருங்கள். பட்டியலின் தலையில் இருப்பதைவிட, நடுவிலிருந்து வேகமாக ஏறி வருவதை முதலில் சோதியுங்கள்.

இன்னொரு வாய்ப்பை யாரும் எளிதில் நினைக்க மாட்டார்கள்: பூலில் இருந்த ஏதோ ஒன்று தனிச் சோதனையில் இல்லை. மைக்கேல் ராபர்ட்சனும் ஆண்ட்ரூ எல்லிங்டனும் 1999-ல் விவரித்த எல்1 லைகேஸ் இதற்கு அழகான சாட்சி. தேர்வுக் கலவையில் பிரைமரும் கூடவே இருந்தது. ரைபோசைம் அந்தப் பிரைமரைத் தன் மடிப்பின் ஓர் அங்கமாகவே ஆக்கிக்கொண்டது. பிரைமர் இருந்தால் வேகம் சுமார் 10,000 மடங்கு அதிகம், இல்லையென்றால் படுத்துவிடும். அவர்கள் அதைக் குறையாகப் பார்க்காமல், கட்டளைக்கு இயங்கும் ரைபோசைம் என்று பயன்படுத்திக்கொண்டார்கள். ஆகவே தேர்வின்போது டியூபில் என்னவெல்லாம் இருந்ததோ அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்துப் பாருங்கள்: பிரைமர், குறியைப் பிடிக்கும் ஒலிகோ (குட்டை டிஎன்ஏ), இழப்பைக் குறைக்கச் சேர்த்த கேரியர் ஆர்என்ஏ.

அறிகுறி: இணைப்பு நடக்கிறது, ஆனால் தப்பான இணைப்பு

உயிரினங்களின் ஆர்என்ஏவில் பிணைப்பு 3′–5′, அதாவது ஓர் எழுத்தின் 3′ இடம் அடுத்ததன் 5′ இடத்தோடு. ரைபோசைமுக்கு அந்த விதி தெரியாது. பக்கத்திலேயே 2′ ஹைட்ராக்சிலும் இருக்கிறது, அதையும் தாராளமாகப் பயன்படுத்தும். 1995-ல் எரிக் எக்லண்ட், ஷோஸ்டாக், பார்டெல் ஆகியோர் அதே பூலின் லைகேஸ்களை வகைப்படுத்தியபோது முதல் வகை 3′–5′ பிணைப்பை உண்டாக்கியது, இரண்டாம் மூன்றாம் வகைகள் 2′–5′ பிணைப்பை உண்டாக்கின. தேர்வு முறைக்கு இது தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது: ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸால் ஒற்றை 2′–5′ பிணைப்பைக் கடந்து போக முடியும்.

கண்டுபிடிக்க ஆர்என்ஏஸ் டி2 என்ற, ஆர்என்ஏவை வெட்டும் நொதி போதும். அது 3′–5′ பிணைப்பை வெட்டும், 2′–5′ பிணைப்பை விட்டுவைக்கும். இணைப்பு இடத்தில் கதிரியக்க பாஸ்பேட் இருக்கும்படி தயாரித்து, செரித்த பிறகு ஒற்றை நியூக்ளியோடைடாக வருகிறதா, வெட்டுப்படாத இரட்டையாக வருகிறதா என்று பாருங்கள்.

பத்தாம் சுற்றில் தெரிந்தால் திருத்துவது கடினம், அதனால் பூல் அசையத் தொடங்கிய சுற்றிலேயே இதைச் சோதிப்பது நல்லது. அடிப்படையான தீர்வு, விளைபொருள் வேலை செய்தால்தான் தேர்வு என்று விதியை மாற்றுவது. முதல் வகை லைகேஸிலிருந்து வளர்ந்த பாலிமரேஸ் ரைபோசைமை டேவிட் ஹார்னிங்கும் ஜாய்ஸும் 2016-ல் மேலும் பரிணமிக்கச் செய்தபோது, அது எழுதி முடிக்கும் ஆர்என்ஏ தன் இலக்கைப் பற்றிக்கொள்ளும் ஆப்டமராகச் செயல்பட்டால் மட்டுமே தேர்வு என்று வைத்தார்கள். அரைகுறையாக எழுதுபவை அங்கே தப்ப முடியாது.

அறிகுறி: ஆர்என்ஏ சிதைந்து ஜெல்லில் ஸ்மியராக (பட்டையாக நிற்காமல் இழுபட்ட கறையாக) ஓடுகிறது

மக்னீசியம் இல்லாமலும் சிதைந்தால் ஆர்என்ஏவை வெட்டும் ஆர்என்ஏஸ் நொதி கலந்திருக்கிறது. மக்னீசியம் இருக்கும்போது மட்டும் சிதைந்தால் அது வேதியியல்: அதிக மக்னீசியம், அதிக பிஎச், நீண்ட நேரம். பிஎச்சை 8.5-இலிருந்து 7.4-க்கு இறக்குங்கள், நேரத்தைக் குறையுங்கள்.

அறிகுறி: பூலில் திடீரென்று ஒரு பிரபலமான வரிசை

பன்னிரண்டாம் சுற்றை வாசித்தால் முதல் வகை லைகேஸே வந்து நிற்கிறது. மகிழ்ச்சியடையாதீர்கள். எளிய மடிப்புகள் வெவ்வேறு பூல்களில் மறுபடி மறுபடி பிறப்பதுண்டு. ஹேமர்ஹெட் ரைபோசைம் அப்படி மீண்டும் தோன்றியதை சலேஹி-அஷ்தியானியும் ஷோஸ்டாக்கும் 2001-ல் காட்டினார்கள். ஆனால் முதல் வகை லைகேஸ் சிக்கலானது, அது எழுத்துக்கு எழுத்து அதே வரிசையில் தற்செயலாகப் பிறக்காது. 10¹⁵ மூலக்கூறுகளால் 25 எழுத்து நீள வரிசைகளைத்தான் முழுமையாக நிரப்ப முடியும். வந்திருப்பது பக்கத்து மேசையின் பாசிட்டிவ் கன்ட்ரோல், அதாவது பஃபரைச் சோதிக்க எடுத்த அந்தத் தெரிந்த லைகேஸ். வேகமான லைகேஸ் ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே விழுந்தாலும் நான்கைந்து சுற்றில் பூலையே விழுங்கிவிடும்.

உறையவைத்த பழைய சுற்றுகளின் டிஎன்ஏவில், அந்த வரிசைக்கே உரிய பிரைமரை வைத்துப் பின்னோக்கித் தேடுங்கள். அது தட்டுப்படாத கடைசிச் சுற்றிலிருந்து மறுபடி தொடங்குங்கள். தொடங்கும்போது சப்ஸ்ட்ரேட் குறியையும் ஓரப் பிரைமர்களையும் மாற்றிவிடுங்கள். பழைய பிரைமருக்கே பழகிய அந்நியன் புதிய பிரைமரில் பெருக முடியாது. பாசிட்டிவ் கன்ட்ரோலுக்குள் ஒரு ரெஸ்ட்ரிக்ஷன் வெட்டிடத்தை (குறிப்பிட்ட நொதி டிஎன்ஏவை வெட்டும் வரிசை) செருகி வைத்திருந்தால், அடுத்த தடவை பிசிஆர் விளைபொருளை வெட்டிப் பார்த்தே அன்று மாலைக்குள் தெரிந்துகொள்ளலாம்.